கனடா குளிரில் கார் பெயிண்ட் தாங்குமா? எந்த வேக்ஸ் வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

அக்டோபர் வந்துவிட்டாலே டொரன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் டயர் கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். வின்டர் டயர் மாத்தணும், பேட்டரி செக் பண்ணணும், வைப்பருக்கு உறையாத தண்ணி ஊத்தணும்னு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒரு வேலை இருக்கிறது. காருக்கு வேக்ஸ் போடுவது.

"வேக்ஸ் எல்லாம் பளபளப்புக்குத்தானே, பனியில யார் பார்க்கப் போறா?" என்ற நினைப்புதான் காரணம். உண்மையில் கோடையில் போடும் வேக்ஸ்தான் அழகுக்கு. குளிர்காலத்தில் போடுவது பாதுகாப்புக்கு. இரண்டுக்கும் ஒரே டப்பா சரிப்பட்டு வராது என்பதுதான் இங்கே விஷயமே.

புதிதாகக் குடியேறியவர்கள் பலர் முதலில் வாங்குவது செகண்ட் ஹேண்ட் கார்தான். அதுவும் கடனில். நாலு வருஷம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது சக்கர வளைவையும் கதவின் கீழ் விளிம்பையும்தான். அங்கே துரு தெரிந்தால் விலை அங்கேயே இறங்கிவிடும். ஒன்டாரியோவில் பழைய காரை இன்னொருவர் பெயருக்கு மாற்றி ஓட்ட வேண்டுமென்றால் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் தேவை. துருவால் தரைத்தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் அந்தச் சோதனையிலேயே கார் நின்றுவிடும்.

பிரச்னை பனி இல்லை, உப்பு

பனி விழுந்தால் சாலையில் உப்பு கொட்டுவார்கள். கனடா முழுவதும் ஓர் ஆண்டுக்குச் சாலையில் கொட்டப்படும் உப்பு சுமார் 50 லட்சம் டன். ஒன்டாரியோவின் கோடரிச் நகரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். நம் ஊரில் உப்பளத்தில் வெயிலில் விளைவதை அங்கே ஏரிக்கு அடியில் பாறையாக வெட்டி எடுக்கிறார்கள்.

சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரைதான் சாலையில் உருப்படியாக வேலை செய்யும். குளிர் அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். பனிப்புயல் வருவதற்கு முன்பே சாலையில் கோடு கோடாக ஈரம் தெரிந்தால், அது முன்கூட்டியே தெளித்த உப்புக் கரைசல். இந்தக் கால்சியம், மக்னீசியம் வகைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கார் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும், இடுக்கில் ஒட்டிய உப்பு ஈரமாகவே இருந்து தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மைனஸ் 20-இல் வெளியே நிற்கும் காரைவிட, உப்போடு வந்து சூடான கராஜில் நிற்கும் கார்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு என்பது ஒரு வேதிவினை. சூடு கூடினால் வேகம் கூடும், கடும் குளிரில் ஏறக்குறைய உறங்கிப் போகும். காரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்துச் சூடான கராஜில் கழுவாமல் நிறுத்துவது, துருவுக்குப் படுக்கை விரித்துக் கொடுப்பது மாதிரி.

வேக்ஸ் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

இப்போதைய கார்களில் தகட்டுக்கு மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு தலைமுடியை இரண்டாக மடித்த கனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். அதன் மேல் நாம் பூசும் வேக்ஸ் ஒரு மைக்ரான்கூட இருக்காது.

இவ்வளவு மெல்லிய படலம் எதற்கு? அழுக்கும் உப்புத் தண்ணீரும் நேராகப் பெயிண்ட்டில் ஒட்டாமல் வேக்ஸின் மேல் உட்காரும். கழுவும்போது சுலபமாக விட்டுவிடும். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை என்பதால் கீறலும் குறையும். தேய்ந்து போவதற்கென்றே பூசப்படும் அடுக்கு இது. பெயிண்ட் தேய்வதற்குப் பதில் இது தேய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் முன்னால் போகும் லாரியின் டயர் தெறிக்க விடும் கல்லை எந்த வேக்ஸும் தடுக்காது. கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு ஆரம்பித்தால் வேக்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். காரின் அடிப்பக்கத்துக்கும் வேக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. கனடாவில் கார்களை நிஜமாகக் கொல்லும் துரு பெரும்பாலும் கீழிருந்தும் உள்ளிருந்தும்தான் வருகிறது. அதற்கு ஆண்டுக்கொரு முறை அடியில் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே மாதிரி தனி வைத்தியம் வேண்டும். கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் அடிப்பக்கம், அப்புறம்தான் வேக்ஸ்.

"கம்பெனி வாரன்டி இருக்கே" என்பவர்கள் அந்தத் தாளை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. துரு வாரன்டி என்பது பெரும்பாலும் தகடு உள்ளிருந்து துளை விழும் அளவுக்கு அரித்தால் மட்டும்தான். கல் பட்டு வந்த துருவும் மேலோட்டமான துருவும் அதில் வராது.

கார்னூபாவா, சிந்தெடிக்கா?

கடையில் டப்பாவைத் திருப்பினால் முதலில் கண்ணில் படும் சொல் கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு இது. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமல் இருக்க மரமே தனக்குப் பூசிக்கொள்ளும் கவசம். இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கடினமானது. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும், இது உருக 82-க்கு மேல் வேண்டும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்பு கொடுப்பதும் இதே மெழுகுதான். பாக்கெட்டில் இ903 என்று போட்டிருந்தால் கார்னூபா என்று அர்த்தம்.

"100 சதவீதம் கார்னூபா" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். சுத்தக் கார்னூபா செங்கல் மாதிரி இருக்கும், அதை எடுத்துக் காரில் தேய்க்கவே முடியாது. கரைப்பானும் எண்ணெயும் கலந்தால்தான் பூச வரும். அந்தச் சதவீதம் டப்பாவில் இருக்கும் மெழுகுப் பகுதியைப் பற்றித்தான் பேசுகிறது, மொத்த டப்பாவைப் பற்றி இல்லை.

கார்னூபாவை மட்டும் நம்பிய வேக்ஸ் கொடுக்கும் பளபளப்பு தனி அழகுதான். கறுப்புக் காரில் போட்டால் ஈரமாக இருப்பது போலவே ஜொலிக்கும். ஆனால் ஆயுள் ஒன்று, ஒன்றரை மாதம். உப்பும் சோப்பும் சேர்ந்தால் அதற்கும் குறைவு. நவம்பரில் போட்டால் கிறிஸ்துமஸுக்குள் போய்விடும். அப்புறம் ஜனவரி மைனஸ் 10-இல் யார் வெளியே நின்று மறுபடி பூசுவது?

குளிர்காலத்துக்கு வேண்டியது இரண்டாவது வகை. செயற்கை பாலிமர்கள் கலந்த சீலன்ட், அல்லது மெழுகும் பாலிமரும் சேர்ந்த கலவை. பளபளப்பில் ஒரு படி கீழே, ஆயுளில் பல படி மேலே. ஒழுங்காகப் போட்டால் நாலு முதல் ஆறு மாதம் தாங்கும். சரியாக ஒரு குளிர்காலம்!

காரை நேசித்துக் கழுவும் கூட்டத்தில் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள் சில உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கோலினைட் நிறுவனத்தின் 476எஸ் பேஸ்ட்டும் 845 திரவமும் முதல் வரிசை. 845-க்கு 'இன்சுலேட்டர் வேக்ஸ்' என்று பெயர் வந்ததே, மின்கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர்களைக் காப்பதற்காக வந்த பொருள் என்பதால்தான். மழை, பனி, அழுக்கு எல்லாவற்றிலும் மேலே நின்று தாங்க வேண்டிய வேலை அது. கார் அதைவிடச் சுலபம். ஃபினிஷ் கேர் நிறுவனத்தின் 1000பி இன்னொன்று. ஜப்பானின் சாஃப்ட்99 நிறுவனத்தின் ஃபூசோ கோட் டப்பாவில் 12 மாதம் என்றே எழுதியிருக்கும். அடர்நிறக் காருக்கும் வெளிர்நிறக் காருக்கும் தனித்தனி டப்பா. உப்புச் சாலையில் தினம் ஓடும் காருக்கு அந்த 12-இல் பாதி கிடைத்தாலே லாபம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. இந்தப் பெயர்களுக்குள் எது பெஸ்ட் என்று சண்டை போடுவதில் பெரிய அர்த்தமில்லை. எதை வாங்கினாலும், பூசும் முன் காரை எப்படிக் கழுவினோம் என்பதுதான் பாதி ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தவிர்க்க வேண்டிய இரண்டையும் சொல்லிவிடலாம். 'கிளீனர் வேக்ஸ்' என்று போட்டிருப்பது அழுக்கைத் தேய்த்து எடுத்து, கூடவே கொஞ்சம் வேக்ஸும் விட்டுப் போகும் பொருள். ஆயுள் குறைவு. அடித்துத் துடைக்கும் ஸ்பிரே வேக்ஸ் சில வாரங்கள்தான். ஆனால் அடியில் நல்ல சீலன்ட் இருக்கும்போது இடையிடையே மேலே ஒரு கோட்டாக அடிக்க ஸ்பிரே நல்ல துணை. தனியாக நம்பத்தான் கூடாது.

செராமிக் போட்டுவிடலாமா?

புதுக் கார் வாங்கும்போது ஷோரூமில் கையெழுத்துப் போடும் கடைசி நிமிஷத்தில் இந்தக் கேள்வி வரும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங், தொழில்முறை ஆட்கள் பெயிண்ட்டைச் சரிசெய்து ஒழுங்காகப் போட்டால், சில ஆண்டுகள் தாங்கும் என்பது உண்மைதான். செலவு சுலபமாக ஆயிரம் டாலரைத் தாண்டும். பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகும் புதுக் காருக்கு யோசிக்கலாம்.

ஆனால் "9எச் கடினம், கீறலே விழாது" என்று சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்த 9எச் பென்சில் அளவுகோல். எந்தப் பென்சிலால் கீறினால் பூச்சில் தடம் விழுகிறது என்று பார்க்கும் சோதனை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, அதற்கு அடுத்தது 9. பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் இரண்டையும் குழப்பி விற்பது நடக்கிறது. கல் தெறித்தால் செராமிக்கும் தடுக்காது. அதைத் தடுப்பது தடிமனான பாதுகாப்பு ஃபிலிம் மட்டும்தான். பானெட் முனைக்கும் பம்பருக்கும் மட்டும் அதை ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு.

எட்டு வருஷப் பழைய கரோலாவுக்குச் செராமிக் தேவையில்லை. ஒரு டப்பா பேஸ்ட் வேக்ஸ் பல குளிர்காலங்களுக்கு வரும்.

எப்போ போடணும், எப்படிப் போடணும்?

தகட்டின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் போட்டால் சுகம். டொரன்டோவில் அது அக்டோபருக்குள் முடிந்துவிடும், நவம்பரில் அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிரு வாரம். தவறவிட்டவர்கள் அபார்ட்மென்ட்டின் நிலத்தடி பார்க்கிங்கில் போட்டுக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேதான் இருக்கும். கழுவுவதற்குத்தான் பல கட்டடங்களில் தடை, துடைத்துப் பூசுவதற்கு அல்ல. ஆனாலும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. வேக்ஸில் இருக்கும் கரைப்பான் தீப்பிடிக்கக்கூடியது, காற்றோட்டம் வேண்டும். குளிரில் 845 மாதிரியான திரவ வேக்ஸ் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும். கெட்டுப் போச்சு என்று தூக்கி எறிய வேண்டாம். குழாய் வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துக் குலுக்கினால் இளகிவிடும். அடுப்பு பக்கமே கொண்டு போகக் கூடாது.

முதல் வேலை கழுவுவது. காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பானெட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூளும் மரப்பிசினும் பெயிண்ட்டில் பதிந்து கிடக்கின்றன. இரும்பை எடுக்க ஒரு ஸ்பிரே உண்டு, அடித்ததும் அழுக்கு ஊதா நிறத்தில் வழிந்து இறங்கும். பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், அதுதான் வேலை செய்கிற அடையாளம். மிச்சத்துக்குக் கிளே பார், அதாவது களிமண் மாதிரி ஒரு கட்டி. தண்ணீரோ லூப்ரிகன்ட்டோ தெளித்து வழுக்கி வழுக்கித் தேய்க்க வேண்டும். கீழே விழுந்த கிளேயை மறுபடி எடுத்துத் தேய்த்தால் மணல் காகிதத்தால் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

பழைய வேக்ஸின் எண்ணெய்ப் பசை இருந்தால் புதுசு பிடிக்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு முறை துடைப்பது அதற்காகத்தான்.

அப்புறம் பூசுவது. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: அள்ளிப் பூசுவது. முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். கூடுதலாகப் பூசியது முழுவதும் துடைக்கும் துணிக்குத்தான் போகும், அதுவும் கை வலிக்கத் துடைத்த பிறகு. கண்ணுக்கு மூடுபனி மாதிரி லேசாகத் தெரிந்தால் போதும். பஞ்சை ஈரமாக்கிப் பிழிந்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் சுத்தமாகப் பெயிண்ட் தெரிய வேண்டும், தீற்றலாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை. கோலினைட் 476எஸ் போன்றவற்றை ரொம்ப நேரம் காயவிட்டால் எடுக்க உயிர் போகும், அதனால் ஒரு கதவு, ஒரு பானெட் என்று பகுதி பகுதியாக முடிப்பது புத்திசாலித்தனம்.

மறுநாள் இரண்டாவது கோட். கனம் இரட்டிப்பாகும் என்பதற்காக அல்ல, முதல் முறை கை தவறிய இடங்களை மூடுவதற்காக. கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உதடு, பின்பக்கக் கதவு ஆகிய மூன்று இடத்துக்கும் மூன்றாவது கோட் கொடுத்தாலும் தப்பில்லை. உப்பு அதிகம் அடிக்கும் இடங்கள் அவைதான். கழற்றி வைத்த அலாய் சக்கரங்களுக்கும் இப்போதே போட்டுவிடலாம். பிரேக் டிஸ்க்கில் மட்டும் ஒரு துளி படக் கூடாது. முன் கண்ணாடியிலும் வேண்டாம், வைப்பர் அதிர ஆரம்பிக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும், முன்பே டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜனவரியில் வேக்ஸைக் கொல்வது எது?

பனி இல்லை, பெரும்பாலும் கார் வாஷ்தான். பிரஷ் படாத 'டச்லெஸ்' வாஷ் கீறாது, ஆனால் கையால் தேய்க்காமல் அழுக்கை எடுக்க வேண்டும் என்பதால் அங்கே கடுமையான காரச் சோப்பைப் பயன்படுத்துவார்கள். வேக்ஸை அது வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். காசு போட்டு நாமே கழுவும் நிலையத்தில், அழுத்தத் தண்ணீர்க் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிப்பக்கத்தையும் சக்கர வளைவையும் முதலில் அடித்துவிட்டு மேலே வருவது நல்ல வழி. அங்கே தொங்கும் நுரை பிரஷைத் தொடவே வேண்டாம். நமக்கு முன்னால் வந்தவர் டிரக்கின் சேற்றை அதால்தான் தேய்த்திருப்பார்.

வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் வரும் நாளாகப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். கழுவியதும் கதவு ரப்பர்களைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் கதவு உறைந்து திறக்காது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டுத் துடைப்பத்தாலும் மண்வெட்டியாலும் பானெட் மேல் இருக்கும் பனியைத் தள்ளுபவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். அந்த ஒரு காலை வேளையில் விழும் கீறல், குளிர்காலம் முழுவதும் உப்பு செய்ததைவிடக் கூடுதலாக இருக்கும். நுரைத் தலை வைத்த பனித் தள்ளி இருபது டாலருக்குள் கிடைக்கும்.

வேக்ஸ் இன்னும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது, தட்டையாகப் பரவினால் போய்விட்டது என்பார்கள். பாதி உண்மை. சில நேரம் மேலே படிந்த எண்ணெய் அழுக்கு வேக்ஸை மறைத்துவிடும். நல்ல கார் ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தால் முத்து திரும்பி வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏப்ரலில் உப்புக் கொட்டுவது நின்றதும் ஒரு பெரிய கழுவல். வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிட்டு, பானெட் முனையையும் சக்கர வளைவையும் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். கல் பட்ட புள்ளிகள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் டச்-அப் பெயிண்ட் ஒரு சொட்டு போதும், பெயிண்ட் கோட் எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரிலேயே இருக்கும். புள்ளி செம்மண் நிறத்தில் இருந்தால் அந்த வாரமே ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிடுங்கள்.